வீட்டுக்கு ஒரு வோட்டு

என்னைத் தேர்தலில் நிறுத்தியவர்களுக்கு என்னை வெல்ல வைக்கும் எண்ணம் இருக்கவில்லை. எனக்கும் வெல்லும் எண்ணம் இருக்கவில்லை. எனக்கு வோட்டுப் போட்ட சனத்துக்கும் அப்படி ஒரு நோக்கம் கிடையாது. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்துதான், எனக்கு வோட்டுரிமை வந்த காலத்திலிருந்து எங்கள் பிரதேச சபையை ஆண்டுவந்த கட்சியை வீட்டுக்கு அனுப்பின. பேப்பரில் இதை மக்கள் எழுச்சி என்று எழுதினார்கள். எழுதினவர்கள் யாரும் எங்கள் கடைப்பக்கம் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன்.

நான் பிறந்தது தர்மபுரத்தில். கலியாணம் முடித்து இந்தக் குடியேற்றத்துக்கு வந்தபின் வீட்டின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் கடை போட்டேன். சீனி, மா, பருப்பு, தேங்காய், மாரியில் நுளம்புத்திரி. இவர், என் புருசன், பிரதேச சபையில் தண்ணி பவுசர் ஓட்டினார். கோடையில் கிணறு வற்றிப்போகும் ஒழுங்கைகளுக்கெல்லாம் இவர்தான் தண்ணீர் கொண்டுபோவார். சொல்லும்போது நல்ல வேலை மாதிரித்தான் இருக்கும். ஆனால் இவர் நிரந்தரமில்லை, அமைய ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சபை ஒரு கடிதம் கொடுக்கும். கடிதம் கையில் இருந்தால் டிரைவர், இல்லாவிட்டால் வெறும் ஆள். அடுத்த கூட்டத்தில் நிரந்தரமாக்குவோம், அடுத்த கூட்டத்தில் நிரந்தரமாக்குவோம் என்று சபைத் தலைவரான தவிசாளர் சொல்லிச்சொல்லியே ஒன்பது வருடம் போய்விட்டது. இவருக்கு அதிகம் ஆசைகள் கிடையாது. இருந்த ஒன்று அந்த நிரந்தர நியமனம்தான்.

அதனால் எங்கள் வீடு ஆளும் கட்சி வீடு. கூட்டத்துக்குக் கதிரை ஏற்றுவது, கொடி கட்டுவது, தவிசாளர் வரும்போது எழுந்து நிற்பது எல்லாம் முறைப்படி நடந்தது.

அப்படியிருக்க, ஒருநாள் காலையில் என் பெரியம்மாவின் மகன் கடைக்கு வந்தார். எனக்கு அண்ணா முறை. வேறு சிலரோடு சேர்ந்து ஒரு சுயேச்சைக் குழு தொடங்கியிருந்தார். சின்னம் தேத்தண்ணிக் கேத்தல். அவருக்கு வேர்த்து ஒழுகியது. நான் சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, ஒரு கையெழுத்து மட்டும் வை. பொம்பிளையளின்ர பேர் ஒண்டு குறையுது. நாளைக்குப் பத்து மணிக்குள்ள குடுக்காட்டி முழுப் பட்டியலையும் நிராகரிச்சுப் போடுவாங்கள்."

"அண்ணா, இவர் சபையில வேலை. தெரியும்தானே?"

"தெரியும். அதாலதான் உன்னட்ட வந்தனான். உன்ர வட்டாரம் அவங்கட கோட்டை. அங்க ஆரைப் போட்டாலும் தோல்விதான். நல்ல ஆளை அங்க போட்டு வீணாக்க ஏலாது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. இவரிடம் கேட்டேன். இவர் நெடுநேரம் தாடையைத் தடவிவிட்டு, "சொந்தத்துக்குள்ள இல்லையெண்டு சொல்ல ஏலாது. வெல்லாட்டிச் சரி," என்றார். சமாதான நீதவான் ஒருவர் முன்னால் போய்ச் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தேன். தவிசாளரிடம் இவரே போய், பெண்கள் தொகைக்காக வைத்த கையெழுத்து என்று விளக்கம் சொல்லிவிட்டு வந்தார். தவிசாளர் சிரித்தாராம்.

தேர்தல் நெருங்க நெருங்க இவருக்கு வேறொரு கவலை வந்தது. நான் தோற்பதைப் பற்றி இல்லை, எவ்வளவு மோசமாகத் தோற்பேன் என்பதைப் பற்றி. இந்தத் தேர்தலில் வட்டாரத்து வோட்டை, போட்ட பள்ளிக்கூடத்திலேயே எண்ணுவார்கள். எந்தச் சின்னத்துக்கு எத்தனை விழுந்தது என்று அன்று பின்னேரமே ஊருக்குத் தெரிந்துவிடும். கேத்தலுக்கு நாலோ ஐந்தோ விழுந்தால் நாளைக்கு என் பெண்சாதி எப்படிக் கடையைத் திறப்பாள் என்று யோசித்திருக்கிறார். இதை என்னிடம் சொல்லவில்லை.

எங்கள் குடியேற்றத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆள் பலம் இல்லாத வீட்டில், புருசனில்லாத மனுசியோ புதிதாக வந்த குடும்பமோ ஒரு சடங்கு வைத்தால், பந்தலில் கதிரைகள் வெறுமனே கிடக்கக் கூடாது என்று ஊருக்குள் ஒரு சொல் போகும்: வீட்டுக்கு ஒராள். அழைப்பு வந்ததோ இல்லையோ, வீட்டுக்கு ஒருவர் வெளிக்கிட்டுப் போய் இருந்து, சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வரவேண்டும். ஒருகாலத்தில், இயக்கம் சண்டைக்கு ஆள் கேட்ட நாட்களில், இந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் தாய்மார் பிள்ளைகளை ஒளித்துவைப்பார்கள். இப்போது சடங்குக்கும் செத்தவீட்டுக்கும் மட்டும் சொல்கிறோம். அந்த அளவில் நாடு முன்னேறித்தான் இருக்கிறது.

இவர் அந்தச் சொல்லைத் தேர்தலுக்குக் கொண்டுபோனார். அந்த மாதம் நல்ல கோடை. ஒழுங்கை ஒழுங்கையாகப் பவுசரை நிறுத்தி, பரல்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறார். "வழமைபோலப் பெரிய சின்னத்துக்கே போடுங்கோ. ஆனால் வீட்டுக்கு ஒராள் மட்டும் இவவுக்கு ஒரு புள்ளடி போட்டு விடுங்கோ. வெட்கக்கேடாப் போயிடும்." சபையின் பவுசரில், சபையின் தண்ணீரோடு, சபைக்கு எதிராகப் பிரசாரம் செய்தவர் இந்த மாகாணத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். அதுவும் தான் செய்வது பிரசாரம் என்று தெரியாமலே செய்தார்.

சனமும் இரக்கப்பட்டது. ஆனால் வீட்டுக்கு ஒராள் என்று சொன்ன இவர், அந்த ஒராள் யார் என்று சொல்லவில்லை. எந்த வீட்டிலும் அதை இருந்து பேசி முடிவெடுக்கவுமில்லை. தகப்பன், தான் போட்டால் போதும் என்று நினைத்தான். தாய், இந்த மனுசன் எங்கே போடப்போகிறார், கட்சி ஆள், நானே போடுவோம் என்று நினைத்தாள். மகள், அப்பாவும் அம்மாவும் பெரிய சின்னத்தை விடமாட்டார்கள், பாவம் கடைக்கார அன்ரி என்று நினைத்தாள். இப்படி வீட்டில் இருந்த எல்லாரும் அந்த ஒராளாகப் போய்விட்டார்கள்.

அன்று பின்னேரம் நான் கடையில் இருந்தேன். பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. இவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, ஸ்டாண்ட் கூடப் போடாமல் வேலியில் சாத்திவிட்டு நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்தேன்.

"நீர் வெண்டிட்டீர்," என்றார்.

"என்ன பகிடி இது?"

"பகிடி இல்லை. சத்தியமா நான் வீட்டுக்கு ஒண்டு எண்டுதான் கேட்டனான்." களவு பிடிபட்டவர் மாதிரி நின்றார். பிறகு மெல்ல, "நானும் உமக்குத்தான் போட்டனான்," என்றார்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் எனக்குப் போடவில்லை. எங்கள் வோட்டுச்சீட்டில் ஆளின் பெயர் இருக்காது, கட்சியும் சின்னமும்தான். கேத்தலைப் பார்த்தேன், பெரிய சின்னத்தைப் பார்த்தேன், இவருடைய நியமனத்தை நினைத்தேன், பெரிய சின்னத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்தேன். எனக்கு விழுந்த வோட்டுகளில் என் வோட்டு இல்லை. இதை இவருக்கு இன்றுவரை சொன்னதில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மறுநாள் காலை சனம் கடைக்கு வந்தது. வாழ்த்துச் சொல்ல இல்லை, மன்னிப்புக் கேட்க. பக்கத்து ஒழுங்கை மனுசி ஒருத்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"பிள்ளை, குறை நினையாத. நான் ஒண்டு போட்டனான், அவ்வளவுதான். இப்ப கேட்டால் அவரும் போட்டவராம், மோளும் போட்டவளாம். ஒருதரும் ஒருதருக்கும் சொல்லேல்லை. உங்களுக்கு ஏதும் கரைச்சல் வருமோ?"

"வராது அக்கா," என்றேன். அவள் பருப்பு வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பருப்பை நான் சுற்றிக்கொடுத்த அன்றைய பேப்பரில்தான் எழுச்சி பற்றிய கட்டுரை இருந்தது. பல வருட ஊழலைக் கண்டு மக்கள் பொங்கிவிட்டார்களாம். மற்ற வட்டாரங்களில் பொங்கியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் இரங்கினார்கள், அவ்வளவுதான்.

கரைச்சல் வந்தது. எல்லா வட்டாரத்து முடிவும் வந்தபின் பார்த்தால், பழைய கட்சியும் அதற்கு எதிரான எல்லாரும் சேர்ந்த தொகையும் சரிக்குச் சரி. நடுவில் மிஞ்சியது என்னுடைய ஒரு கை. பெண் தொகையை நிரப்ப வைத்த கை. அதை உயர்த்தும் பக்கம்தான் தவிசாளர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய தவிசாளர் வீட்டுக்கு வந்தார். இந்த ஒன்பது வருடத்தில் முதல் தடவை. வாசலில் வாகனம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட் பெட்டியும். இவர் ஓடிப்போய் நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டார். குசினிக்குப் போய்த் தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டும் வந்தார். தவிசாளர் தேத்தண்ணியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்த்துக் கதைத்தார்.

"பிள்ளை, நீ எங்கட வீட்டுப் பிள்ளை. எங்கேயோ கையெழுத்து வைச்சாய் எண்டதுக்காக வேறை ஆளாகிவிட மாட்டாய். ஊருக்கு நல்லது எது எண்டு உனக்குத் தெரியும்."

பிறகு பக்கத்தில் நின்ற இவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நீர் என்ன தொழில் செய்யிறீர்?"

"பவுசர் ஓடுறன் ஐயா."

"எங்க?"

"உங்கட சபையிலதான் ஐயா."

கோடை வந்தால் அவருடைய வீட்டுத் தாங்கிக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஏற்றுவதும் இவர்தான். அதை இவர் சொல்லவில்லை. தவிசாளர் தேத்தண்ணியை இன்னொரு வாய் குடித்தார். "ஓ, ஓ... இன்னும் நிரந்தரமாக்கேல்லையோ? செயலாளர் எனக்குச் சொல்லேல்லை. முதல் கூட்டத்திலயே செய்விச்சுத் தாறன். அது ஒரு கையெழுத்து விசயம்."

ஒரு கையெழுத்து விசயம். ஒன்பது வருடமாக அது ஒரு கையெழுத்து விசயமாகத்தான் இருந்திருக்கிறது.

அவர் போனபின் இவர் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பெரிய மனுசர். எத்தினை முகத்தை எண்டுதான் ஞாபகம் வைச்சிருப்பார்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆளில் வந்த கோபத்தைவிட இவரில் வந்த கோபம் பெரிது. பிஸ்கட் பெட்டியைத் தூக்கிக் கடைத் தட்டில் வைத்தேன். அன்றே விற்றும் விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணா வந்தார். அவரைத்தான் அந்தப் பக்கம் தவிசாளராகக் கேட்க முடிவெடுத்திருந்தார்கள். நான் நேரடியாகவே கேட்டேன், இவருடைய நியமனம் என்னாகும் என்று. அண்ணா நெஞ்சில் கை வைத்தார்.

"தங்கச்சி, நாங்கள் ஊழல் இல்லாத சபை எண்டு சொல்லி வந்தனாங்கள். அப்பிடி வாக்குக் குடுத்துக் கை கேட்க மாட்டன். ஆனால் எங்கட ஆட்சியில நியாயம் நடக்கும். ஒன்பது வருசம் ஒரு நியாயம்தானே?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் அன்று பிடித்திருந்தது.

கூட்டத்துக்கு முதல்நாள் இவரிடம் கேட்டேன். "இஞ்சாருங்கோ, நான் என்ன செய்யிறது? வாயைத் திறந்து ஒண்டு சொல்லுங்கோ."

இவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "நீர் உறுப்பினர். நான் டிரைவர். டிரைவரிட்டக் கேட்டுக் கை உயர்த்திறதெண்டால் சபை என்னத்துக்கு?" பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தார். அந்த நியமனம் எனக்கு வேணும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் பழைய ஆளுக்கே போட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை. தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாத மனுசன்.

சபை மண்டபத்தில் மின்விசிறி சுற்றியது. உள்ளூராட்சி ஆணையாளர் வந்திருந்தார். வோட்டெடுப்பு ஒளிவுமறைவில்லாமல், பெயர் கூப்பிடக் கூப்பிட எழுந்து சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது பழைய தவிசாளர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். அந்த முகத்தைப் பார்த்தேன். 'தம்பி, நீர் என்ன தொழில் செய்யிறீர்' என்ற கேள்விதான் காதில் கேட்டது. அண்ணாவின் பெயரைச் சொன்னேன்.

அத்தோடு முடிந்தது அந்தக் கட்சியின் ஆட்சி. வெளியில் வெடி கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களில் பாதிப்பேர் போன மாதம்வரை மற்றப் பக்கத்துக்குக் கொளுத்தியவர்கள். பழைய தவிசாளர் எழுந்து எல்லாருக்கும் கைகூப்பிவிட்டு வந்து எதிர்வரிசையில் இருந்தார். அந்த வரிசையில் எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

முதல் கூட்டம் அடுத்த கிழமை. மண்டபக் கதவு திறந்திருந்தது. இவர் வளவுக்குள் பவுசரைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணா, இப்போது கௌரவ தவிசாளர், முதல் பிரேரணையை வாசித்தார். உறுப்பினர்களின் நெருங்கிய உறவினர் எவரையும் இனிச் சபையில் நியமிக்கக் கூடாது. ஏற்கெனவே அமைய அடிப்படையில் இருக்கும் அப்படியான உறவினரின் கடிதங்களைப் புதுப்பிக்கவும் கூடாது. நிரந்தரமானவர்களைச் சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது.

நான் மேசையைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் ஆட்களை எண்ணினேன். பழைய கட்சி உறுப்பினர்களின் மருமகன், மச்சான், பெறாமகள் எல்லாரும் எப்போதோ நிரந்தரமாகிவிட்டார்கள். புதியவர்களுக்குச் சபையில் ஆள் கிடையாது. அப்படியென்றால் அந்தப் பிரேரணை பிடிக்கக்கூடிய ஆள் அந்தச் சபை முழுவதிலும் ஒருவர்தான். அவருடைய கடிதம் அந்தக் கிழமையோடு முடிகிறது. அவர் வெளியில் பவுசர் கழுவிக்கொண்டிருந்தார்.

அண்ணா முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். "இதைத் தங்கச்சி வழிமொழிந்தால் நல்லது. எங்கட கை சுத்தம் எண்டதை ஊர் பார்க்கட்டும்."

பேப்பர்க்காரப் பொடியன் ஒருவன் கமராவைத் தூக்கினான். எதிர்வரிசையில் பழைய தவிசாளர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுத்தால் புருசனின் வேலைக்காக வந்தவள் என்று அவர்தான் முதலில் எழும்பிச் சொல்வார் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்தேன். ஒன்பது வருடம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். அந்த மனுசன் யாரிடமும் ஒன்றும் கேட்காதவர் என்று சொல்ல நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாக இருந்தது, எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. வாயில் வந்தது ஒரு சொல்தான்.

"வழிமொழிகிறேன்."

பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. பழைய தவிசாளரும் கை உயர்த்தினார், மிகவும் மரியாதையாக. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அண்ணா பின்னால் ஓடிவந்தார். "கொள்கை எண்டால் கொள்கைதானே தங்கச்சி. மச்சானுக்கு வேறை வழி பாப்பம்." நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இவர் சபை கொடுத்த காக்கிச் சேட்டைத் தோய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். சபைச் சொத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும், அழுக்கோடு கொடுக்கக் கூடாது என்றார். நான் படியில் இருந்துவிட்டேன். அழுதேன். இவர் சேட்டை உதறி உதறி விரித்தார்.

"நீர் கதைச்சது வெளியில நல்லாக் கேட்டது," என்றார். "பயப்பிடாமல் சொன்னீர்."

இப்போது கடையை இவர்தான் பார்க்கிறார். புது டிரைவருக்கு நேர்முகப் பரீட்சை வைத்து, வெளிப்படையாகத்தான் எடுக்க வேண்டுமாம். அதற்கு இன்னும் அனுமதி வரவில்லை. பவுசர் சபை வளவில் நிற்கிறது. இந்த வருடமும் கோடை கடுமை. தண்ணீர் வரவில்லை என்று சனம் முறையிடுவதற்கு என்னைத் தேடித்தான் வருகிறது, உறுப்பினர் அல்லவா. நான் சபையில் இருக்கும் நாட்களில் அந்த முறைப்பாடுகளை இவர் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறார். எந்த ஒழுங்கை, எத்தனை பரல், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, படுக்கையில் ஆள் இருக்கிறதா என்று. யாரையும் கேட்க வேண்டியதில்லை, எல்லாம் அவருக்குப் பாடம்.

நேற்றுக் கூட்டத்துக்கு வெளிக்கிடும்போது கொப்பியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். கடைசிப் பக்கத்தில், அழகான எழுத்தில், 'பவுசருக்கு உடனடியாக ஒரு டிரைவர் தேவை' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

"இதைக் கட்டாயம் கதையும்," என்றார். "சனம் பாவம்."